எமுலேட்டரில் ப்ராசஸர் நீட்டிப்புகளை அறிவிப்பது: பாதி எழுதிய நீட்டிப்புக்கு பிட் ஏற்றலாமா?

கோத்தகிரி நிரலர்:

வணக்கம். எங்கள் ஊர்ப் பக்கம் சிறு விவசாயிகளிடம் பச்சைத் தேயிலை வாங்கும் கொள்முதல் நிலையம் ஒன்றில், மின்னணுத் தராசிலிருந்து வரும் எடையைப் பதிந்து, மாத முடிவில் ஒவ்வொருவருக்கும் சேர வேண்டிய தொகையைக் கணக்கிடும் நிரல் ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. அது 64 பிட் எக்ஸ்86 லினக்ஸுக்காகத் தொகுக்கப்பட்டது. மூல நிரல் யாரிடமும் இல்லை. மழைக்காலத்தில் மின்சாரம் போய்விட்டால் எப்போது திரும்பும் என்று சொல்ல முடியாத இடம் என்பதால், சிறிய பேட்டரியிலேயே நெடுநேரம் தாங்கும் ஆர்ம் பலகை ஒன்றில் அதே நிரலை ஓட்ட முடியுமா என்று கேட்டார்கள். ஒரு வகை ப்ராசஸருக்கான நிரலை வேறு வகையில் ஓட்டும் கியூஇமு என்ற எமுலேட்டரை வைத்து ஓட்டிக் கொடுத்துவிட்டேன். ஆனால், கற்றுக்கொள்ளும் விருப்பத்தில், பயனர் நிலையில் மட்டும் இயங்கும் எமுலேட்டர் ஒன்றை நானே எழுதி வருகிறேன். அதில்தான் இந்தச் சந்தேகம்.

ப்ராசஸரின் திறன்களைக் கேட்டறியும் சிபியுஐடி ஆணையை நிரல் இயக்கும்போது எந்தெந்த நீட்டிப்புகள் உண்டு என்று என் எமுலேட்டர் பதில் சொல்ல வேண்டும்? இப்போதைய நிலை இது: பல எண்களை ஒரே ஆணையில் கையாளும் எஸ்எஸ்இ நீட்டிப்புகளில் 4.1 வரை எல்லா ஆணைகளும் முடிந்துவிட்டன. எஸ்எஸ்இ 4.2-இல் சிஆர்சி32, பிசிஎம்பிஜிடிகியூ, பிசிஎம்பிஐஎஸ்டிஆர்ஐ ஆகியவற்றை எழுதிவிட்டேன். சர ஒப்பீட்டு ஆணைகளில் மற்ற மூன்றும் இல்லை. அவற்றைவிட அகலமான ஏவிஎக்ஸ்2-இல் முழு எண் கணக்குகள் பெரும்பாலும் முடிந்தன, சிதறிய நினைவக இடங்களிலிருந்து எடுக்கும் கேதர் வகை ஆணைகள் மட்டும் பாக்கி. பெருக்கலையும் கூட்டலையும் ஒன்றாகச் செய்யும் எஃப்எம்ஏ ஆணைகளை, முதலில் பெருக்கிப் பிறகு கூட்டுவதாக எழுதி வைத்திருக்கிறேன். எல்இஸட்சிஎன்டி இன்னும் எழுதவில்லை.

குறைவாக அறிவித்தால், நிரலோடு வந்த சி நூலகமே தொடக்கத்தில் "இந்த ப்ராசஸர் எக்ஸ்86-64-வி2 நிலையை ஆதரிக்கவில்லை" என்ற பொருளில் ஒரு வரி எழுதிவிட்டு நின்றுவிடுகிறது. இன்டெலின் ஹாஸ்வெல் ப்ராசஸர் போலவே எல்லா பிட்டுகளையும் ஏற்றி வைத்துவிட்டு, இல்லாத ஆணை எப்போதாவது எதிர்ப்பட்டால் அப்போது அதை எழுதிச் சேர்த்துக்கொள்ளலாமா? இப்படிச் செய்வதில் என்ன கெடுதல் வரும் என்று விளக்கினால் உதவியாக இருக்கும்.

குன்னூர் அசெம்பிளர்:

வணக்கம் தம்பி. பிட்டுகளை முதலில் ஏற்றிவிட்டு, விழும் இடங்களைப் பார்த்துப் பிறகு எழுதுவது உங்கள் மேசையில் இருக்கும் சோதனைப் பலகைக்குச் சரி. விவசாயிக்குப் பணம் கணக்கிடும் பலகைக்கு ஆகாது. காரணம், இல்லாத ஆணை எல்லாமே சத்தம் போட்டு விழாது.

நீங்கள் எழுதவில்லை என்று சொன்ன எல்இஸட்சிஎன்டியையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் குறியீடு எஃப்3 0எஃப் பிடி. முன்னால் இருக்கும் எஃப்3 என்ற முன்னொட்டை நீக்கினால் எஞ்சுவது பழைய பிஎஸ்ஆர் ஆணை. எல்இஸட்சிஎன்டி தெரியாத ப்ராசஸர் அந்த முன்னொட்டைப் பொருட்படுத்தாமல் பிஎஸ்ஆராகவே இயக்கிவிடும். உங்கள் ஆணை வாசிப்பானும் பெரும்பாலும் அதைத்தான் செய்யும். பிஎஸ்ஆர் தருவது மேலேயிருக்கும் முதல் 1 எந்த இடத்தில் இருக்கிறது என்பதை. எல்இஸட்சிஎன்டி தருவது அதற்கு மேல் எத்தனை 0 இருக்கின்றன என்பதை. 32 பிட்டில் 1 என்ற எண்ணைக் கொடுத்தால் முதலாவது 0 என்றும் இரண்டாவது 31 என்றும் சொல்லும். ஆக, சிபியுஐடியின் பதில் பக்கங்களான லீஃப்களில் 80000001-ஆம் (பதினறும எண்) லீஃபின் ஈசிஎக்ஸ் ரெஜிஸ்டரில் 5-ஆம் பிட்டை ஏற்றிவிட்டு ஆணையை எழுதாமல் விட்டால், எந்தப் பிழைச் செய்தியும் வராது, நிரலும் நிற்காது, தவறான எண் மட்டும் உள்ளே போகும். சுருக்கப்பட்ட கோப்பைப் பிரிக்கும் நூலகங்களும் நினைவக ஒதுக்கீட்டு நூலகங்களும் இந்த ஆணையைத் தாராளமாகப் பயன்படுத்துகின்றன. எடைப் பதிவுக் கோப்பு அப்படிக் கெட்டால் எங்கே கெட்டது என்று தேடிக் கண்டுபிடிப்பது எளிதல்ல.

இதன் மறுபக்கத்தையும் கவனியுங்கள். கீழேயிருந்து 0-க்களை எண்ணும் டிஇஸட்சிஎன்டியின் குறியீடான எஃப்3 0எஃப் பிசி, அதற்குரிய பிஎம்ஐ1 என்ற பிட் கையாளும் நீட்டிப்பைக் கேட்காத சாதாரண நிரல்களிலும் வரும். சுழி அல்லாத எண்ணுக்கு, முன்னொட்டு இல்லாத பழைய பிஎஸ்எஃப், டிஇஸட்சிஎன்டி இரண்டும் ஒரே விடையைத் தருவதால், ஜிசிசி கம்பைலர் தெரிந்தே அந்த முன்னொட்டைச் சேர்த்து எழுதுகிறது. எனவே பிஎம்ஐ1 பிட்டை ஏற்றவில்லை என்பதற்காக அந்தக் குறியீட்டைக் கண்டதும் 'தெரியாத ஆணை' என்று விழவைத்துவிடாதீர்கள்.

அடுத்தது எஸ்எஸ்இ 4.2. முதலாம் லீஃபின் ஈசிஎக்ஸில் 20-ஆம் பிட் என்பது அந்த நீட்டிப்பு முழுவதற்குமான ஒரே பிட். அதில் பாதி, முக்கால் என்று சொல்ல வழியே இல்லை. ஹோட்டல் பலகையில் எழுதியிருப்பது எல்லாமே அடுப்பங்கரையில் இருக்கும் என்று நம்பித்தான் வந்தவர் உட்காருகிறார். நிரலும் அந்த ஒரு பிட்டைப் பார்த்துவிட்டு நான்கு சர ஒப்பீட்டு ஆணைகளில் எதை வேண்டுமானாலும் அழைக்கும். நல்ல செய்தி என்னவென்றால், உங்களுக்குப் பாக்கி இருக்கும் வேலை சிறியது. நான்கு ஆணைகளுக்கும் உள்ளே நடக்கும் ஒப்பீடு ஒன்றேதான். கடைசியில் வரும் ஒரு பைட் மாறிலி, உறுப்புகளின் வகையையும், ஒப்பிடும் முறையையும், விடையைத் தலைகீழாக்குவதையும், விடையின் வடிவத்தையும் தீர்மானிக்கிறது. பெயரில் 'ஐ' என்று முடிந்தால் விடை இட எண்ணாக ஈசிஎக்ஸில் வரும். 'எம்' என்று முடிந்தால் முகமூடியாக எக்ஸ்எம்எம்0-இல் வரும். நடுவில் 'இ' இருந்தால் சரத்தின் நீளத்தை ஈஏஎக்ஸும் ஈடிஎக்ஸும் சொல்லும். 'ஐ' இருந்தால் சுழி உறுப்பு வரை படிக்க வேண்டும். ஒன்றை ஒழுங்காக எழுதியிருக்கிறீர்கள் என்றால் மற்ற மூன்றும் ஒரு மாலை வேலைதான்.

1-களை எண்ணும் பாப்கவுண்ட் ஆணையை எஸ்எஸ்இ 4.2-இன் பகுதி என்று பலர் எண்ணுகிறார்கள். அதற்குத் தனியாக 23-ஆம் பிட் இருக்கிறது. வி2 நிலை கேட்பது எஸ்எஸ்இ3, எஸ்எஸ்எஸ்இ3, எஸ்எஸ்இ 4.1, எஸ்எஸ்இ 4.2, பாப்கவுண்ட், சிஎம்பிஎக்ஸ்சிஹெச்ஜி16பி, 64 பிட் நிலையில் இயங்கும் லாஃப்–சாஃப் ஆகியவை. கடைசி இரண்டைத்தான் எமுலேட்டர் எழுதுபவர்கள் வழக்கமாக மறக்கிறார்கள். அதிலும் லாஃபுக்கான பிட் 80000001-ஆம் லீஃபில் இருப்பதால், 80000000-ஆம் லீஃப் கேட்கப்படும்போது மேல் எல்லையை ஒழுங்காகச் சொல்லவில்லை என்றால், நூலகம் அந்தப் பக்கமே பார்க்காமல் "வி2 இல்லை" என்று முடிவு கட்டிவிடும். நீங்கள் பார்த்த பிழைச் செய்திக்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

ஏவிஎக்ஸ்2-ஐ இப்போதைக்கு அறிவிக்காதீர்கள். அதை அறிவிப்பது ஒரு பிட்டோடு முடிவதில்லை. ஒழுங்காக எழுதப்பட்ட நிரல், முதலில் ஓஎஸ்எக்ஸ்சேவ் என்ற 27-ஆம் பிட்டைப் பார்க்கும். பிறகு எக்ஸ்ஜெட்பிவி ஆணையால் எக்ஸ்சிஆர்0-ஐப் படித்து, அதில் 1, 2 ஆகிய இரு பிட்டுகளும் ஏறியிருக்கின்றனவா என்று பார்க்கும். அதன் பிறகுதான் ஏவிஎக்ஸுக்கான 28-ஆம் பிட்டையும், 7-ஆம் லீஃபின் ஈபிஎக்ஸில் ஏவிஎக்ஸ்2-க்கான 5-ஆம் பிட்டையும் நம்பும். ஓஎஸ்எக்ஸ்சேவ் என்பது சில்லின் திறமையைச் சொல்லும் பிட் அல்ல. இயங்குதளம் அகன்ற ரெஜிஸ்டர்களைச் சேமித்து மீட்க ஒப்புக்கொண்டிருக்கிறது என்பதைச் சொல்லும் பிட். பயனர் நிலை எமுலேட்டரில் ப்ராசஸரும் கெர்னலும் நீங்களே என்பதால் இரண்டு பேருடைய பதிலும் உங்களிடமிருந்தே வர வேண்டும், அவை ஒன்றுக்கொன்று முரண்படவும் கூடாது. சிக்னல் வரும்போது நிரலின் அடுக்கில் நீங்கள் எழுதிவைக்கும் சட்டகமும் அதற்கேற்ப நீள வேண்டும். 13-ஆம் லீஃப் கேட்கப்பட்டால் ஏவிஎக்ஸ் வரையிலான சேமிப்புப் பகுதிக்கு 832 பைட் என்று சொல்ல வேண்டும்: பழைய பகுதி 512, தலைப்பு 64, மேல்பாதி ரெஜிஸ்டர்கள் 256.

கியூஇமு செய்ததையும் பாருங்கள். அதன் மென்பொருள் மொழிபெயர்ப்பியில் ஏவிஎக்ஸும் ஏவிஎக்ஸ்2-உம் 2022 டிசம்பரில் வந்த 7.2 பதிப்பில்தான் சேர்ந்தன. அதற்கு முன் ஹாஸ்வெல் என்று கேட்டால், தன்னால் இயலாத நீட்டிப்புகளை எச்சரிக்கையோடு சொல்லிவிட்டு அந்த பிட்டுகளை இறக்கிவிடும். 'என்ஃபோர்ஸ்' என்று சேர்த்துக் கேட்டால் ஓடவே மறுத்துவிடும். எக்ஸ்86 நிரல்களை ஆர்ம் மேக்குகளில் ஓட்டும் ஆப்பிளின் ரொசெட்டா 2-உம் 2020-இல் வந்தபோது ஏவிஎக்ஸை அறிவிக்கவில்லை. 2024-இல் வந்த மேக்ஓஎஸ் செக்வோயாவில்தான் ஏவிஎக்ஸ்2 வரை சேர்த்தார்கள். இடைப்பட்ட ஆண்டுகளில் பெரும்பாலான நிரல்கள் எஸ்எஸ்இ வழியிலேயே ஓடிக்கொண்டுதான் இருந்தன.

கொடை வெயில்:

மேலே சொன்னவற்றோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். எஃப்எம்ஏ பற்றி யாரும் எடுத்துச் சொல்லவில்லை என்பதால் அதைச் சொல்ல வந்தேன். பெருக்கிப் பிறகு கூட்டுவது எஃப்எம்ஏ ஆகாது. அந்த ஆணையின் உயிரே, பெருக்கலுக்கும் கூட்டலுக்கும் சேர்த்துக் கடைசியில் ஒரே ஒரு முறை மட்டும் முழுமைப்படுத்துவதில்தான் இருக்கிறது. இரண்டு முறை முழுமைப்படுத்தினால் கடைசி இலக்கம் ஒன்றில் மாறும், போகட்டும் என்று சிலர் விட்டுவிடுகிறார்கள். ஆனால் எண்கணித நூலகங்கள் இரண்டு எண்களைப் பெருக்கி வந்த விடையை பி என்று வைத்துக்கொண்டு, அதே பெருக்கலிலிருந்து பி-யைக் கழிக்கும்படி எஃப்எம்ஏவை அழைத்து, முழுமைப்படுத்தும்போது தொலைந்த மிச்சத்தைத் துல்லியமாக எடுக்கின்றன. உங்கள் முறையில் அந்த மிச்சம் எப்போதும் சுழியாகவே வரும். இரட்டைத் துல்லியத்துக்கு மேல் போகும் கணக்குகள் எல்லாம் அங்கேயே பயனற்றுப் போகும்.

நான் கொடைக்கானல் சூரிய ஆய்வகம் பொதுவில் வைத்திருக்கும் பழைய கால்சியம்-கே (ஒரு நிறமாலைக் கோடு) சூரியப் படங்களை எடுத்துப் பொழுதுபோக்காக அளவெடுப்பவன். வட்டின் விளிம்பைப் பொருத்தும் கணக்கில், ஒரே நிரல் இரண்டு பொறிகளில் வெவ்வேறு விடை தந்தால் முதலில் நான் சந்தேகப்படுவது இதைத்தான். லினக்ஸின் சி நூலகமான ஜிலிப்சியின் ஈஎக்ஸ்பி, லாக், பவ், சைன் போன்றவற்றுக்கு எஃப்எம்ஏ வடிவம் தனியாக உண்டு. நிரல் தொடங்கும்போதே சிபியுஐடியைப் பார்த்து எந்த வடிவம் என்று தீர்மானித்துவிடும். ஆகவே உங்கள் எடை நிரலில் எஃப்எம்ஏ என்ற சொல்லே இல்லாவிட்டாலும், பிட்டை ஏற்றியவுடன் அதன் கணக்கு உங்கள் தவறான ஆணை வழியாகப் போகும். உங்கள் ஆர்ம் பலகையிலோ 64 பிட் அடிப்படைத் தொகுதியிலேயே உண்மையான எஃப்எம்ஏ ஆணை இருக்கிறது. அதை அழைத்தால் தீர்ந்தது. 'எண் அல்ல' என்னும் மதிப்புகளை மட்டும் தனியாகப் பார்த்துக்கொள்ளுங்கள்: எக்ஸ்86 தானாக உண்டாக்கும் அந்த மதிப்பில் குறி பிட் ஏறியிருக்கும், ஆர்மில் ஏறியிருக்காது.

ஒரு பெயருக்குக் கீழே இரண்டு பொருள் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு ரிஸ்க்-வி என்ற திறந்த ப்ராசஸர் வடிவமைப்பின் உலகில் நல்ல உதாரணம் இருக்கிறது. அங்கே மிசா என்ற ரெஜிஸ்டரில் 26 எழுத்துகளுக்கு 26 பிட்டுகள். வி என்றால் வெக்டர். அந்த நீட்டிப்பின் 1.0 வடிவம் 2021-இல்தான் உறுதிசெய்யப்பட்டது. அதற்கு முன்பே டி-ஹெட் நிறுவனத்தின் சி906, சி910 ப்ராசஸர் கருக்கள் 0.7.1 என்ற வரைவு வடிவத்தோடு விற்பனைக்கு வந்துவிட்டன. இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தாதவை. வெறும் 'வி' என்று மட்டும் எழுதினால் எந்த வடிவம் என்று தெரியாது என்பதால், அந்தச் சில்லுகளுக்கென்று லினக்ஸ் கெர்னலில் தனி விலக்கு எழுத வேண்டி வந்தது. மேலும் இஸட்பிஏ, இஸட்பிபி என்று பல எழுத்துகளில் பெயர் வைத்த நீட்டிப்புகளுக்கு மிசாவில் இடமே இல்லை. அவற்றைச் சாதன மர விவரத்தில் எழுத வேண்டும். பயனர் நிரல்கள் கேட்டறிய 2023-இல் வந்த 6.4 கெர்னலில் ஹெச்டபிள்யூப்ரோப் என்ற அழைப்பைச் சேர்த்தார்கள். அந்த அழைப்பில் எனக்குப் பிடித்த அம்சம், ஒரு வசதி உண்டா இல்லையா என்பதோடு நில்லாமல், வரிசை பிறழ்ந்த நினைவக அணுகல் வேகமானதா, மெதுவானதா, மென்பொருளால் செய்யப்படுவதா என்றும் சொல்ல இடம் கொடுத்திருப்பது. சிபியுஐடியில் பெரும்பாலும் அதற்கு வழியில்லை.

ஏவிஎக்ஸ்2-ஐ அறிவிக்காமலே ஓட்டலாம் என்று குன்னூர் நண்பர் சொல்வதில் மட்டும் ஓரிடத்தில் மாறுபடுகிறேன். முழுமையாகவும் சரியாகவும் எழுதப்பட்ட நீட்டிப்பை, மெதுவாக ஓடுகிறது என்பதற்காக மறைக்கக் கூடாது என்பது என் கருத்து. இருப்பதைச் சொல்வதுதான் எமுலேட்டரின் வேலை. எதைப் பயன்படுத்துவது என்பது நிரலின் முடிவு.

குன்னூர் அசெம்பிளர்:

நிரலால் அப்படி முடிவெடுக்க முடிந்தால் நானும் ஒப்புக்கொள்வேன். ஆனால் நிரலுக்குத் தெரிவது அந்த ஒரு பிட் மட்டும்தான், அதைப் பார்த்ததும் அகலமான வழியே வேகமான வழி என்று அது எடுத்துக்கொள்கிறது. பிஎம்ஐ2-இல் உள்ள பிடெப், பெக்ஸ்ட் ஆகிய பிட் பரப்பும், திரட்டும் ஆணைகளை, 2020-இல் ஸென் 3 வருவதற்கு முன்பு ஏஎம்டி உள்ளுக்குள் நுண்குறியீட்டால்தான், அதாவது பல சிறு படிகளாகத்தான், இயக்கியது. பிட் உண்மையைச் சொன்னது, ஆனாலும் அதை நம்பி அந்த வழியில் போன நிரல்கள் தவழ்ந்தன. நம் எமுலேட்டரில் அதே பிடெப் ஒரு சுழற்சியாக ஓடும். 256 பிட் ஏவிஎக்ஸ்2-ஐ ஆர்மின் 128 பிட் ரெஜிஸ்டர்களில் இரண்டிரண்டாகப் பிரித்து ஓட்டும்போது, மேல்பாதியைக் கவனிக்கும் செலவும் சேர்ந்து, எஸ்எஸ்இ வழியைவிட மெதுவாகவும் போகலாம். இல்லாததை உண்டு என்று சொல்வது பொய். இருப்பதைச் சொல்லாமல் விடுவதை நிரல்கள் தாங்கிக்கொள்ளும், ஏனென்றால் அந்தப் பிட் இல்லாத ப்ராசஸர்களிலும் ஓட வேண்டும் என்றுதான் அவை எழுதப்பட்டிருக்கின்றன. இரண்டையும் ஒரே தட்டில் வைக்க என்னால் முடியாது.

கோத்தகிரி நிரலர்:

இருவருக்கும் மிக்க நன்றி. எஸ்எஸ்இ 4.2-ஐ முழுமையாக்கிவிட்டேன், 80000000-ஆம் லீஃபுக்கு என் எமுலேட்டர் சுழியைத் திருப்பிக்கொண்டிருந்ததும் தெரிந்தது. இரண்டையும் சரிசெய்தபின் நூலகம் வி2 என்று ஏற்றுக்கொண்டு நிரல் திறக்கிறது. ஏவிஎக்ஸ் தொடர்பான எல்லா பிட்டுகளையும், எஃப்எம்ஏ உட்பட, இறக்கி வைத்திருக்கிறேன்.

இன்னும் இரண்டு விஷயங்கள் புரியவில்லை. நிரலுக்குள்ளிருந்து ப்ராக் கோப்பகத்தில் இருக்கும் சிபியுஇன்ஃபோ கோப்பைத் திறந்தால் ஆர்ம் பலகையின் விவரமே தெரிகிறது; சிபியுஐடி ஒன்று சொல்ல, கோப்பு வேறொன்று சொல்கிறது. மற்றொன்று, விற்பனையாளர் பெயராக ஜெனுயின்இன்டெல் என்று வைக்கலாமா, அல்லது என் எமுலேட்டரின் பெயரையே வைக்கலாமா?

பைக்காரா:

சிபியுஇன்ஃபோவை நிரல் திறக்கும் அழைப்பை நீங்கள் இடைமறித்து, சிபியுஐடிக்கு எந்த அட்டவணையிலிருந்து பதில் கொடுக்கிறீர்களோ அதே அட்டவணையிலிருந்து கோப்பின் உள்ளடக்கத்தையும் உண்டாக்கிக் கொடுங்கள். பெயர்களில் கவனம் தேவை: லினக்ஸ் அந்தக் கோப்பில் எஸ்எஸ்இ3-ஐ பிஎன்ஐ என்றும், எல்இஸட்சிஎன்டியை ஏபிஎம் என்றும் எழுதும். எஸ்எஸ்இ3 என்று எழுதி வைத்தால், அந்த வரியைப் படிக்கும் நிறுவல் ஸ்கிரிப்டுகள் அதைக் கண்டுகொள்ளாது.

இதைவிட முக்கியமான இடம் ஒன்று இருக்கிறது. நிரல் தொடங்கும்போது கெர்னல் அதன் அடுக்கில் வைக்கும் துணைத் திசையன் பட்டியலை நீங்களே உருவாக்குகிறீர்களா, அல்லது ஆர்ம் கெர்னல் உங்களுக்குக் கொடுத்ததையே நகலெடுத்துக் கொடுக்கிறீர்களா? அதில் இருக்கும் ஹெச்டபிள்யூகேப் என்ற எண், எக்ஸ்86-இல் சிபியுஐடி முதலாம் லீஃபின் ஈடிஎக்ஸ் மதிப்பு. ஆர்மில் அதே இடத்தில் வேறு பொருளுள்ள பிட்டுகள். ஆர்மில் 3-ஆம் பிட் ஏஇஎஸ் மறையீட்டைக் குறிக்கும். எக்ஸ்86-இலோ எஸ்எஸ்இ2 என்பது 26-ஆம் பிட். அப்படியே நகலெடுத்தால் நிரலுக்கு வேறொரு ப்ராசஸரின் சான்றிதழைக் கொடுத்ததாகும். ப்ளாட்ஃபார்ம் என்ற சரத்தையும் மாற்றுங்கள். கெர்னல் ஒவ்வொரு நிரலுக்குள்ளும் வைக்கும் சிறு நூலகமான விடிஎஸ்ஓவின் முகவரியை அடியோடு நீக்குங்கள். அது காட்டும் இடத்தில் இருப்பது ஆர்ம் ஆணைகள், எக்ஸ்86 நிரல் அங்கே தாவினால் உங்கள் வாசிப்பான் ஆர்ம் பைட்டுகளை எக்ஸ்86 என்று படிக்கத் தொடங்கிவிடும்.

விற்பனையாளர் பெயரில் ஜெனுயின்இன்டெல் அல்லது ஆதென்டிக்ஏஎம்டி என்று வைப்பதே நடைமுறைக்கு உகந்தது. பிட்டுகளைப் பார்க்காமல் பெயரைப் பார்த்து வழி பிரிக்கும் நிரல்கள் இன்னும் இருக்கின்றன. இன்டெல் கம்பைலர் அப்படிப் பிரித்தது அமெரிக்க வணிக ஆணையத்தின் வழக்குவரை சென்று 2010-இல் உடன்பாட்டில் முடிந்தது. ஆனால் பெயரைக் கடன் வாங்கினால் அதன் நடத்தையையும் கடன் வாங்க வேண்டும். அடிப்படை லீஃப்களின் எல்லைக்கு மேலே ஒரு லீஃபைக் கேட்டால், இன்டெல் ப்ராசஸர் மேல் எல்லையில் இருக்கும் லீஃபின் மதிப்புகளையே திருப்பித் தரும். ஏஎம்டி சுழியைத் தரும். எல்லையைச் சோதிக்காமல் 7-ஆம் லீஃபைக் கேட்கும் கவனமில்லாத நிரலுக்கு, இன்டெல் வழியில் வேறு லீஃபின் எண்கள் ஏவிஎக்ஸ்2 போலத் தோன்றக்கூடும். ஏவிஎக்ஸ்2 இல்லாத உங்கள் நிலைக்கு, எல்லையை 7 அல்லது அதற்கு மேல் வைத்து, 7-ஆம் லீஃபை வெளிப்படையாகச் சுழிகளால் நிரப்பிக் கொடுப்பது பாதுகாப்பு. எல்லை அதிகமாக இருப்பதால் திணறிய மென்பொருளும் உண்டு: விண்டோஸ் என்டி 4 அந்த எண் 3-க்கு மேல் போனால் தடுமாறும் என்பதற்காகவே பல பயாஸ்களில் அதைக் குறைத்துக் காட்டும் தெரிவு வைத்திருந்தார்கள். உங்களுக்கு அது வேண்டாம்.

உங்கள் எமுலேட்டரின் பெயரைச் சொல்ல விரும்பினால் அதற்குத் தனி இடம் இருக்கிறது. முதலாம் லீஃபின் ஈசிஎக்ஸில் 31-ஆம் பிட்டை ஏற்றிவிட்டு, பதினறும எண்ணில் 40000000 என்ற லீஃபில் 12 எழுத்துப் பெயரைக் கொடுக்கலாம். கியூஇமுவின் மொழிபெயர்ப்பி அங்கே டிசிஜி என்பதை நான்கு முறை அடுத்தடுத்து எழுதுகிறது. 80000002 முதல் 80000004 வரையிலான லீஃப்களில் 48 பைட் அளவுள்ள விற்பனைப் பெயரிலும் உங்கள் பெயரைத் தாராளமாக எழுதலாம். ரொசெட்டாவுக்குள் ஓடும் நிரல்களுக்கு அங்கே விர்ச்சுவல்ஆப்பிள் என்று தெரியும்.

மேலே நடந்த வாதத்துக்கும் என் பங்கு: நீட்டிப்புகளைப் பெயர் சொல்லி ஏற்றவும் இறக்கவும் கட்டளை வரியில் ஒரு தெரிவு வையுங்கள். அறிவிக்கக்கூடியது எது என்பதை எமுலேட்டர் தீர்மானிக்கட்டும். அந்த எல்லைக்குள் எதை இறக்கி ஓட்டினால் வேகம் என்பதைப் பயன்படுத்துபவர் அளந்து பார்த்துக்கொள்ளட்டும். கியூஇமு பெயருக்கு முன்னால் கழித்தல் குறி போட்டு இதைத்தான் செய்கிறது.

கோத்தகிரி நிரலர்:

துணைத் திசையன் பட்டியலைப் பாதி நகலாகத்தான் கொடுத்திருக்கிறேன். ஹெச்டபிள்யூகேப், விடிஎஸ்ஓ இரண்டையும் இன்றே மாற்றுகிறேன். கடைசியாக ஒன்று கேட்கலாமா? இனி ஏவிஎக்ஸ் ஆணைகளை ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டே போகும்போது, எந்தக் கட்டத்தில் பிட்டை ஏற்றலாம் என்பதை நினைவில் வைத்துக்கொள்வதுதான் கடினமாக இருக்கும் போலத் தோன்றுகிறது.

குன்னூர் அசெம்பிளர்:

அதை நினைவில் வைக்க வேண்டாம், அட்டவணையிடம் விட்டுவிடுங்கள். உங்கள் ஆணை வாசிப்பானின் அட்டவணையில் ஒவ்வொரு வரிக்கும் 'இது எந்த நீட்டிப்பைச் சேர்ந்தது' என்று ஒரு பத்தியைச் சேர்த்து, இன்டெல் கையேட்டைப் பார்த்து அந்த நீட்டிப்பின் எல்லா ஆணைகளையும், எழுதாதவற்றையும் வெற்று வரிகளாக, முதலிலேயே உள்ளிட்டுவிடுங்கள். எமுலேட்டர் தொடங்கும்போது, ஒரு நீட்டிப்பின் வரிகளில் ஒன்றாவது வெற்றாக இருந்தால் அதன் பிட்டை இறக்கட்டும். அதைச் சார்ந்தவற்றையும் இறக்கட்டும். ஏவிஎக்ஸ் இறங்கினால் ஏவிஎக்ஸ்2, எஃப்எம்ஏ, எஃப்16சி மூன்றும் இறங்க வேண்டும். எக்ஸ்சிஆர்0-இல் 2-ஆம் பிட்டும் இறங்க வேண்டும். பிஎம்ஐ ஆணைகளில் சில, ஏவிஎக்ஸ் ஆணைகள் எழுதப்படும் வெக்ஸ் என்ற அதே குறியீட்டைப் பயன்படுத்தினாலும் பொது ரெஜிஸ்டர்களில் இயங்குவதால் அவற்றை இதோடு சேர்க்க வேண்டாம். கியூஇமு 7.2-இல் எழுதப்பட்ட புதிய வாசிப்பானிலும் ஆணை வரியிலேயே சிபியுஐடி நிபந்தனை எழுதப்பட்டிருக்கிறது; விருந்தினர் ப்ராசஸருக்கு அந்த நீட்டிப்பு இல்லை என்றால் ஆணையும் இயங்காது.

ஆனால் சார்புப் பட்டியல் ஒழுங்காக இருந்தாலும் மற்றவர்களின் நிரல் அதை மதிக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஜிலிப்சியின் ஏவிஎக்ஸ்2 சரச் செயல்கள் சில, பிஎம்ஐ2 இருக்கிறதா என்று கேட்காமலேயே அதன் ஆணைகளைப் பயன்படுத்தி வந்தன. அது 2022-இல்தான் பிழையாகப் பதியப்பட்டுத் திருத்தப்பட்டது. ஏவிஎக்ஸ்2 உள்ள சில்லுகள் பிஎம்ஐ2-உம் கொண்டே வந்ததால் உண்மையான வன்பொருளில் யார் கண்ணிலும் அது படவில்லை. இரண்டையும் பிரித்து அறிவிக்கும் நம்மைப் போன்றவர்களிடம்தான் விழும். எனவே ஏவிஎக்ஸ்2 பிட்டை ஏற்றும் நாளில் பிஎம்ஐ1, பிஎம்ஐ2, எல்இஸட்சிஎன்டி மூன்றும் முடிந்திருக்கும்படி வரிசையை அமைத்துக்கொள்ளுங்கள்.

ஏவிஎக்ஸ் எழுதத் தொடங்கும்போது இரண்டு இடங்களை முதலில் சோதியுங்கள். வெக்ஸ் குறியீட்டில் வரும் 128 பிட் ஆணை, ரெஜிஸ்டரின் மேல்பாதியைச் சுழியாக்க வேண்டும். பழைய எஸ்எஸ்இ குறியீட்டில் வரும் அதே ஆணை மேல்பாதியைத் தொடக்கூடாது. பழைய குறியீட்டில் நினைவக முகவரி 16 பைட் வரிசையில் இல்லாவிட்டால் பெரும்பாலான ஆணைகள் விழ வேண்டும். வெக்ஸ் குறியீட்டில் அந்தக் கட்டுப்பாடு பொதுவாக இல்லை. ஒரே செயலை இரண்டு குறியீட்டுக்கும் பொதுவாக எழுதி வைத்தால் இந்த இரண்டும் தவறும். சோதனை நிரலின் விடைகளை உண்மையான எக்ஸ்86 பொறி ஒன்றில் ஒருமுறை ஓட்டிக் கோப்பாக எடுத்துக்கொள்ளுங்கள். குன்னூர் பக்கம் வந்தால் என் பழைய ஹாஸ்வெல் மடிக்கணினியிலேயே ஓட்டித் தருகிறேன்.